திருத்தித் திருத்தி எழுதிய பாதிரியார்

எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. எழுதியதை மறுபடி எடுத்துப் படித்து, அடித்து, மாற்றி எழுதும் பொறுமை சிலருக்குத்தான் உண்டு. ஒரு கட்டுரையை இரண்டாம் முறை பார்ப்பதற்குள் அலுப்புத் தட்டிவிடுகிறது. மூன்றாம் முறை என்றால் காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறோம்.

ஒரே நூலை ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் திருத்திக்கொண்டே இருந்த ஒருவர், நம் சென்னைப் பட்டணத்தில் வாழ்ந்து இந்த மண்ணிலேயே கண்ணை மூடினார். தமிழ் அவருடைய தாய்மொழி அல்ல. இருபத்தொன்பதாம் வயதில் கப்பலை விட்டு இறங்கிய பிறகு கற்றுத் தேர்ந்த மொழி அது. அவர் பெயர் யோஹன் பிலிப் பப்ரீசியஸ். கிறிஸ்தவ வேதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைப் புதிதாக எழுதியவர், தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றைத் தந்தவர் என்று புலவர்களும் பாதிரிமார்களும் அவரை அறிவார்கள். ஆனால் எழுதப் பழகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

மணல் பூமியும் டச்சுக் கோட்டையும்

சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தைத் தாண்டினால் ஒரு நீண்ட மணல் பூமி வருகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே உப்பங்கழி, நடுவில் காட்டுப்பள்ளி. இன்று அங்கே துறைமுகம் இருக்கிறது. கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையமும் இருக்கிறது. கொள்கலன்களைச் சுமந்த லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. காட்டுப்பள்ளியைக் கடந்து வடக்கே போனால் பழவேற்காடு ஏரியும், அதன் கரையில் பழவேற்காடு ஊரும் வரும்.

இந்தக் கரையில் துறைமுக வியாபாரம் நேற்று முளைத்ததல்ல. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ம் ஆண்டிலேயே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். சோழ மண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை இடமாக அந்த ஊர் பல காலம் விளங்கியது. அவர்கள் காலத்துக் கல்லறைகளை இன்றும் அங்கே காணலாம்.

பப்ரீசியஸ் இந்தக் கரைக்கு இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் தஞ்சம் தேடித்தான் வந்தார். அந்தக் கதைக்கு வருமுன் அவர் யார் என்று பார்ப்போம்.

சட்டம் படித்த இளைஞர்

1711-ம் ஆண்டு ஜனவரி 22-ம் தேதி ஜெர்மனியில் கிளேபெர்க் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். முதலில் சட்டம் படித்தார். பிறகு மனம் மாறி, ஹாலே நகரத்துக்குப் போய்ச் சமய நூல்களைப் படித்தார். தரங்கம்பாடிக்குப் பாதிரிமார்களை அனுப்பி வந்த ஊர் அது. 1740-ல் அவரும் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். இரண்டு வருஷம் அங்கே தமிழ் பயின்றபின் 1742-ன் இறுதியில் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே வேலை செய்துவந்த பெஞ்சமின் ஷூல்ட்சே ஐரோப்பாவுக்குத் திரும்பும் தறுவாயில் இருந்தார். அவருடைய பொறுப்பு முப்பத்தொரு வயது பப்ரீசியஸின் தலைமேல் விழுந்தது.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறந்த நாட்டுக்கு ஒரு முறைகூடத் திரும்பிப் போகவில்லை. ஐம்பது வருஷம் இந்த நாட்டிலேயே கழிந்தது.

கேலிக்கு ஆளான தமிழ்

அவர் கையில் வந்து சேர்ந்த வேலை லேசானதல்ல. தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்கு, வந்த சில வருஷங்களிலேயே புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்துவிட்டார். 1714, 1715-ம் வருஷங்களில் அது தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் அச்சாகியது. பழைய ஏற்பாட்டிலும் ஒரு பகுதியை முடித்திருந்தார். 1719-ல், முப்பத்தாறே வயதில், அவர் காலமாகிவிட்டார். மிச்சத்தை ஷூல்ட்சே எழுதி முடித்தார்.

முதல் முயற்சி என்ற வகையில் அது பெரிய சாதனைதான். ஆனால் அந்தத் தமிழ் தமிழர் காதில் ஏறவில்லை. எதிர் முகாமில் இருந்தவரோ சாமானியரல்ல. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்து தமிழில் காவியம் செய்த அவர், தரங்கம்பாடிக்காரர்களின் தமிழைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். மதச் சண்டையில் வீசப்பட்ட அம்பு அது என்றாலும், மொழியைப் பற்றி அவர் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

இப்படி ஒரு தாக்குதல் வந்தால் பொதுவாக என்ன செய்வார்கள்? பதிலுக்கு ஒரு கண்டனம் எழுதுவார்கள். இல்லையேல், எங்கள் நூல் சரியானதே என்று சாதிப்பார்கள். பப்ரீசியஸ் அந்த வழிகளில் போகவில்லை. நூலையே மறுபடி எழுத உட்கார்ந்தார். முதலில் சில இடங்களைச் செப்பனிட்டால் போதும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஒரு வாக்கியத்தைத் தொட்டால் அடுத்த வாக்கியமும் இடிகிறது. அதை மாற்றினால் அதற்கு மேலுள்ளது பொருந்தவில்லை. எழுதுகிறவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. திருத்தமாகத் தொடங்கியது ஒரு புது மொழிபெயர்ப்பாகவே வளர்ந்தது.

பழவேற்காட்டில் தஞ்சம்

வேலை அமைதியாக நடக்கும் காலமா அது? 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். பப்ரீசியஸ் தம்மைச் சார்ந்தவர்களோடு வடக்கே பழவேற்காட்டுக்குப் போய் டச்சுக்காரர்களின் நிழலில் ஒதுங்கினார். 1749-ல்தான் சென்னை திரும்பவும் ஆங்கிலேயர் வசமாகியது. போன இடத்தில் கைவிட்ட வீட்டுக்கும் கோவிலுக்கும் பதிலாக, சில வருஷங்களில் வேப்பேரியில் ஒரு சிறு கோவில் அவருடைய சபைக்குக் கிடைத்தது. ஆர்மீனிய வர்த்தகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் கட்டிய கோவில் அது.

ஒன்பது வருஷம் சென்றது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டார். வேப்பேரி சூறையாடப்பட்டது. நாற்பத்தேழு வயது பப்ரீசியஸ் மறுபடியும் பழவேற்காட்டுக்குப் போனார். 1759 பிப்ரவரியில் முற்றுகை நீங்கியதும் திரும்பினார்.

அச்சாகாத நூல் ஒன்றை வைத்துக்கொண்டிருப்பவருக்கு யுத்தம் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அந்த நாளில் நகல் எடுக்க யந்திரம் கிடையாது. கையால் எழுதிய தாள்கள்தான் மொத்த ஆஸ்தி. நெருப்புப் பிடித்தால் போயிற்று; வீட்டைக் கொள்ளையிட்டால் போயிற்று. இரண்டு முறை வீடு வாசலை விட்டு ஓடியவர், இரண்டு முறையும் திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர்ந்தார். இன்றைய எழுத்தாளருக்கு ஒரு பத்திரிகை கதையைத் திருப்பி அனுப்பினாலே உலகம் இருண்டுவிடுகிறது!

காதுதான் நீதிபதி

சரி, அவர் எப்படித் திருத்தினார்? அவருடைய முறை மிகவும் எளிமையானது. நான்கு படிகளாக அதைச் சொல்லிவிடலாம்.

முதலாவது, மூலத்தை அவர் விடவில்லை. கிரேக்க மூலத்தையும் எபிரேய மூலத்தையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். தமக்கு முன்னே எழுதியவர்களின் மொழிபெயர்ப்பையும் ஒப்பிட்டார். அழகாக இருக்கிறது என்பதற்காகப் பொருளை நழுவவிட அவருக்கு மனமில்லை.

இரண்டாவது, தாம் கற்ற தமிழை மட்டும் நம்பிக்கொண்டிருக்கவில்லை. தமிழ்ப் புலமை உள்ளவர்களை அருகில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாக விவாதித்தார்.

மூன்றாவது, எழுதியதை வாய்விட்டு வாசித்தார். படித்தவருக்கும் வாசித்துக் காட்டினார். எழுத்து வாசனை இல்லாதவருக்கும் வாசித்துக் காட்டினார். கேட்டவர்களுக்கு எது விளங்கவில்லையோ அதைக் குறித்துக்கொண்டார்.

நான்காவது, குறித்த இடத்தை மறுபடி எழுதினார், மறுபடி வாசித்தார்.

இதில் மூன்றாவது படியைத்தான் நம்மில் பெரும்பாலோர் விட்டுவிடுகிறோம். நாம் எழுதியதை நாமே கண்ணால் படிக்கும்போது, தாளில் இல்லாததையும் மனம் இட்டு நிரப்பிக்கொள்கிறது. விட்டுப்போன சொல் கண்ணுக்குத் தெரிவதில்லை. வாய்விட்டுப் படித்தாலோ மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீளம் என்று தெரிந்துவிடும். நாக்கு இடறும் இடத்தில் சொல் பொருந்தவில்லை என்று தெரிந்துவிடும். எதிரே கேட்பவர் ஒருவர் இருந்தாலோ இன்னும் நல்லது. அவர் முகம் சுருங்கும் இடமே திருத்த வேண்டிய இடம்.

ஜெர்மானியரான அவருக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. ஐரோப்பிய மொழிகளில் முதலில் செய்தியைச் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பின்னால் இணைப்பார்கள். தமிழோ காரணத்தை முன்னால் வைத்து, வினையை முடிவில் கொண்டுவந்து நிறுத்தும். அவன் வந்தான், ஏனென்றால் அவர்கள் கூப்பிட்டார்கள் என்று எழுதினால் ஒவ்வொரு சொல்லும் தமிழ்தான், வாக்கியம் தமிழல்ல. கூப்பிட்டதால் வந்தான் என்று நம் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லும். இலக்கணப் புத்தகத்தைப் பார்த்து மட்டும் இந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது. கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும். ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் எழுதும் நம் காலத்து இளைஞர்களுக்கும் இதே சங்கடம் உண்டு அல்லவா?

பப்ரீசியஸின் சமய முன்னோரான மார்ட்டின் லூதரும் இதே வழியைத்தான் பின்பற்றினார். வீட்டில் தாயும், தெருவில் பிள்ளைகளும், சந்தையில் ஜனங்களும் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்து ஜெர்மன் மொழியில் எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருடைய புதிய ஏற்பாடு 1522-ல் வெளிவந்தது; முழு நூலும் 1534-ல் வந்தது. 1546-ல் இறக்கும்வரை அவரும் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

மெட்டுக்குள் அடங்கிய தமிழ்

பாட்டு எழுதுவதிலும் பப்ரீசியஸ் தம்மை இப்படியே சோதித்துக்கொண்டார். ஜெர்மன் கீதங்கள் பலவற்றை அதே மெட்டில் பாடும்படி தமிழாக்கினார். அவற்றின் தொகுதி 1774-ல் வெளியானது. மெட்டு முன்பே முடிவாகிவிட்ட ஒன்று; அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நீட்டிப் பாடும் இடத்தில் நெடில் வர வேண்டும். தட்டிப் போகும் இடத்தில் குறில் வர வேண்டும். கருத்தும் மாறக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டில் அநாவசியச் சொல் ஒன்றுகூடத் தங்க முடியாது. சினிமாவுக்குப் பாட்டெழுதும் கவிஞர்களுக்கு இதன் சிரமம் தெரியும். அவருடைய கீதங்கள் தமிழ் லுத்தரன் கோவில்களில் இன்றும் பாடப்படுகின்றன.

பறிமுதலான அச்சு யந்திரம்

திருத்துவதற்கும் ஒரு முடிவு வேண்டும். முடிவே இல்லாமல் திருத்திக்கொண்டிருந்தால் நூல் பெட்டியிலேயே உறங்கும். பப்ரீசியஸுக்கு அந்த முடிவைக் கொண்டுவந்ததும் யுத்தம்தான்.

1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். அங்கே கவர்னர் மாளிகையில் இருந்த அச்சு யந்திரத்தையும் சென்னைக்கு எடுத்துவந்தார்கள். ஆனால் அதை ஓட்டத் தெரிந்தவர் சென்னையில் யாரும் இல்லை. கம்பெனியின் வேலைகளை முதலில் அச்சிட்டுத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அது பப்ரீசியஸிடம் ஒப்படைக்கப்பட்டது. எந்தப் பிரெஞ்சுக்காரர்களால் அவர் வீடு இழந்தாரோ, அவர்களுடைய யந்திரமே அவர் கைக்கு வந்தது! வேப்பேரியில் தமிழ் அச்சுத் தொழில் இப்படித்தான் வேரூன்றியது.

அவர் திருத்திய புதிய ஏற்பாடு 1772-ல் அச்சாகி வந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்று. சென்னையில் அடியெடுத்து வைத்து முப்பது வருஷங்கள் ஆகியிருந்தன. பழைய ஏற்பாட்டை அடுத்து அச்சிடத் தொடங்கினார்கள். அது முழுதும் அச்சாகி முடிந்ததை அவர் பார்க்கவில்லை.

ஒன்பதாயிரம் சொற்கள்

இத்தனை வருஷம் சொற்களை நிறுத்துப் பார்த்தவரிடம் ஒரு சொற்களஞ்சியமே சேர்ந்திருந்தது. 1779-ல் அவரும் அவருடைய துணைவரான பிரைட்ஹௌப்ட் என்ற பாதிரியாரும் வேப்பேரி அச்சில் ஒரு தமிழ்–ஆங்கில அகராதியை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 9,000 சொற்கள் கொண்டது அது. தமிழை மலபார் பாஷை என்று ஐரோப்பியர் தவறாக அழைத்த காலம் ஆகையால், அட்டையிலும் அந்தப் பெயரே இருந்தது. ஏழு வருஷம் கழித்து, 1786-ல், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பொருள் சொல்லும் அகராதியும் வந்தது.

திருத்தும் பழக்கத்திலிருந்து பிறந்த நூல் இது. ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறொன்றை இடுகிறவர், இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைத் தெரிந்துகொள்கிறார். அப்படித் தெரிந்துகொண்டதை அவர் எழுதி வைத்தார். இளம் எழுத்தாளர்கள் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் இதைச் செய்து பார்க்கலாம். பஸ்ஸிலும் கடையிலும் வயல் வரப்பிலும் காதில் விழும் நல்ல சொல்லை அன்றே குறித்து வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. பப்ரீசியஸின் அகராதி அவர் காலத்தோடு முடியவும் இல்லை. விரிவாக்கப்பட்டு 1897-ல் தரங்கம்பாடியில் மறுபடி வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டிலும் பல பதிப்புகள் கண்டது.

பார்க்கத் தவறிய கணக்கு

இவ்வளவு கவனமான மனிதரின் கடைசிக் காலம் நிம்மதியாகக் கழிந்திருக்கும் என்றுதான் நினைப்போம். அப்படி நடக்கவில்லை.

அவருடைய நேர்மையை நம்பிப் பலர் அவரிடம் பணத்தை ஒப்படைத்தார்கள். அவர் அதை வட்டிக்குக் கொடுத்தார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. கொடுத்தவர்கள் வந்து கேட்டபோது அவர் கையில் ஒன்றும் இல்லை. தம் சுகத்துக்காக ஒரு காசும் எடுத்தவரல்ல அவர். இருந்தும் கடன் அவரைச் சிறைவரை கொண்டுபோய் விட்டது. நாற்பது வருஷத்துக்கு மேல் தாங்கிய பொறுப்பை 1788-ல் கெரிக்கே என்ற பாதிரியாரிடம் விட்டுவிட்டு ஒதுங்கினார். 1791-ம் ஆண்டு ஜனவரி 23-ம் தேதி, எண்பது வயது நிரம்பிய மறுநாள், காலமானார்.

ஒரு சொல்லைக் கூட நம்பி விட்டுவிடாதவர் மனிதர்களை நம்பி ஏமாந்தார். தம் எழுத்தைப் பிறரிடம் வாசித்துக் காட்டி அபிப்பிராயம் கேட்டவர், தம் கணக்குப் புத்தகத்தையும் அப்படி யாரிடமாவது காட்டியிருந்தால் அந்தத் துன்பம் நேர்ந்திராது என்று தோன்றுகிறது. ஒரு துறையில் உள்ள விழிப்பு மற்றொரு துறைக்குத் தானாக வந்துவிடுவதில்லை. இதை மறைத்துவிட்டு அவரை முழுமையான மனிதராகக் காட்டினால், அது திருத்தமில்லாத சரித்திரமாகிவிடும்.

அடுத்தவர் கைக்குப் போனது

அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய நூலும் திருத்தத்துக்குத் தப்பவில்லை. 1814-ல் சென்னைக்கு வந்த ரேனியஸ், பப்ரீசியஸின் தமிழ் மூலத்தைச் சொல்லுக்குச் சொல் நெருங்கிப் போகிறது, இன்னும் சரளமாக இருக்கலாம் என்று கருதினார். தாமே புதிதாக மொழிபெயர்த்தார். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல், ஆறுமுக நாவலரின் துணையோடு வேறொரு மொழிபெயர்ப்பைச் செய்தார். அது 1850-ல் வெளிவந்தது. கடைசியில் பல சபைகளும் ஒப்புக்கொள்ளும் பொது மொழிபெயர்ப்பு ஒன்று பவர் என்ற அறிஞரின் தலைமையில் 1871-ல் உருவாயிற்று. அதைச் செய்தவர்கள் அடித்தளமாக எடுத்துக்கொண்டது எதை? பப்ரீசியஸின் நூலைத்தான். லுத்தரன் சபையாரோ அதற்குப் பிறகும் வெகு காலம் பப்ரீசியஸின் தமிழையே விடாமல் வைத்திருந்தார்கள்.

சீகன்பால்கு எழுதியதைப் பப்ரீசியஸ் திருத்தினார். பப்ரீசியஸ் எழுதியதை அடுத்த தலைமுறை திருத்தியது. இதில் யாருக்கும் அவமானம் இல்லை. முதல் எழுத்து இல்லாவிட்டால் திருத்துவதற்கு எதுவும் இருந்திராது. திருத்தாமல் விட்டிருந்தால் அந்த முதல் எழுத்து கேலியோடு மறைந்து போயிருக்கும்.

எழுதப் பழகுகிறவர்கள் பப்ரீசியஸைப் போல முப்பது வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. எழுதியதை முப்பது நாள் பெட்டியில் வைத்துவிட்டு எடுத்தால் போதும். தனியே உட்கார்ந்து ஒரு முறை வாய்விட்டுப் படிக்கட்டும். பிறகு இலக்கியம் அறியாத ஒருவரை, அம்மாவையோ பாட்டியையோ, எதிரே உட்காரவைத்து இன்னொரு முறை படிக்கட்டும். அவர்கள் என்ன என்று கேட்கும் இடத்தில் வாதாடாமல் ஒரு கோடு போட்டுக்கொள்ளட்டும். அந்தக் கோடு போட்ட இடத்தில்தான் அடுத்த நாள் வேலை தொடங்குகிறது.